வீட்டு மின்கணக்கும் பன்னிரண்டு கூடைகளும்



இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மின் ரீடிங் எடுப்பவர் வந்துபோன அன்று மாலை நம் வீடுகளில் ஒரு விசாரணை நடக்கிறது. ஃபேனை அணைக்காமல் போனது யார், மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தது யார் என்று ஆளைத் தேடுகிறோம். 2022 செப்டம்பர் 10 முதல் கட்டணம் கூடிவிட்டதால் விசாரணையும் கடுமையாகிவிட்டது. தீர்ப்பு பெரும்பாலும் வீட்டில் குரல் குறைந்தவர் தலையில்தான் விழுகிறது. தனி அறையில் படுத்திருக்கும் பாட்டியின் ஃபேன் வேகம் இரண்டாகக் குறைகிறது; கூடத்தில் யாரும் பார்க்காத தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அப்பத்தைப் பலுகச் செய்யத் தெரிந்தவர், சிந்திய துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொல்கிறார். பன்னிரண்டு கூடைகள் நிறைகின்றன. ஆனால் அதன் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் எல்லாரும் வயிறார உண்டார்கள். அதன் பிறகுதான் மீதியைச் சேர்க்கும் வேலை தொடங்கியது. பசித்தவன் கையில் இருந்த துண்டைப் பிடுங்கி எந்தக் கூடையும் நிறையவில்லை. வீட்டுச் சிக்கனத்துக்கும் இந்த வரிசைதான் சரியென்று நாம் நினைக்கிறோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது 500 என்ற எல்லை. 2022-இல் உயர்ந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடினால் கட்டணம் 1,725 ரூபாயாக இருந்தது. 501 ஆனால் 1,958 ரூபாய் ஆனது. அந்த ஒரே ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த சலுகை போய்விடுவதுதான் காரணம். ஆகவே ரீடிங் எடுப்பவர் வரும்வரை காத்திராமல், மாதத்துக்கு இரண்டு முறையாவது மீட்டரை நாமே பார்த்து, வெள்ளை அட்டையில் உள்ள பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். அந்த வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். எண்ணைத் தானே எழுதும் பிள்ளை விளக்கையும் தானே அணைக்கும். நாம் கத்தவேண்டிய அவசியம் இருக்காது.

எங்கே குறைப்பது? பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். நாளைக்கு பதினைந்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்குக் குறையாது. புதிதாக வந்திருக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். அதே நேரத்துக்கு 27 யூனிட் போதும். விலை கூடுதல்தான். எல்லா அறைக்கும் மாற்ற முடியாது. ஒன்று மட்டும் வாங்க முடிந்தால், அதைக் கூடத்தில் மாட்டாமல், பகலும் இரவும் படுக்கையில் இருக்கும் பெரியவரின் அறையில் மாட்டலாம். அதிக நேரம் சுற்றும் ஃபேன் அதுதான், எனவே மிச்சமும் அங்கேதான் அதிகம். பாட்டிக்கும் காற்று முழு வேகத்தில் கிடைக்கும்.

ஏ.சி. உள்ள வீடுகளில் 20 டிகிரிக்குப் பதிலாக 24-இல் வையுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய ஆறு விழுக்காடு மின்சாரம் மிஞ்சும். வெந்நீர் ஹீட்டர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைக் குடித்துவிடும். செட்-டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சில் அணைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் ஸ்டார் மாட்டும் காலம் வருகிறது, எல்.இ.டி. சீரியல் விளக்குகள் பெரிதாக ஒன்றும் இழுக்காது. அதற்காக யாரும் பிள்ளைகளை வைய வேண்டாம்.

தண்ணீர் வீணாவதும் மின்சாரம் வீணாவதும் நம் வீடுகளில் ஒரே குழாயில்தான் நடக்கிறது. மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது மோட்டாரும் சேர்ந்துதான் ஓடுகிறது. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயில் ஒரு நாளில் ஒரு குடத்துக்கு மேல் போய்விடும். சில ரூபாய் வாஷர் மாற்றினால் தீரும் காரியம். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குக் குறைந்தது இரண்டு லிட்டரை வெளியே தள்ளுகிறது. அதை வாளியில் பிடித்தால் வீடு துடைக்க ஆகும். 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தக் கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். இன்றும் பல வீடுகளில் தண்ணீர் விடும் நேரம் பார்த்து விடியற்காலை எழுவது தாய்தான். அவர் பிடித்து வைத்த தண்ணீரில், குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குபவர் வேறொருவர். இந்த வேலையை ஆண்பிள்ளைகளும் முறைவைத்துச் செய்தால் தண்ணீரின் அருமை யாரும் சொல்லாமலே விளங்கும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ திருமடலின் 211-ஆம் எண்ணில், தண்ணீரைக் குறைத்துப் பயன்படுத்துவது, தேவையில்லாத விளக்கை அணைப்பது, உண்ணக்கூடிய அளவுக்கு மட்டும் சமைப்பது ஆகியவற்றைக் கிறிஸ்தவ வாழ்வின் பகுதியாகவே பேசுகிறார். இவ்வளவு சிறிய காரியங்களுக்குத் திருமடலில் இடம் கிடைத்ததே நமக்கு ஆறுதல்.

ஒரு காரியம் இன்னும் இருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரலாம். வாடகை வீட்டில் இருப்பவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், உரிமையாளர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாங்கினால் அந்தச் சிக்கனத்தின் பலன் பாதிகூட அவர் கைக்கு வராது. 2022-இல் உயர்ந்த கட்டணப்படி, தனி மின் இணைப்பில் 300 யூனிட்டுக்கு அரசு கேட்டது 675 ரூபாய். எட்டு ரூபாய்க் கணக்கில் அது 2,400 ஆகிறது. மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் உரிமையாளரும் அதிகக் கட்டணம்தான் கட்டுகிறார். அது வேறு கணக்கு. அப்போதும் கட்டிய தொகையைப் பகிர்ந்து வாங்கினால் நியாயம். ஆனால் தனி இணைப்பு இருந்தும் எட்டு ரூபாய் வாங்குவது, ஏழைக் குடும்பத்துக்கு அரசு கொடுத்த இலவச நூறு யூனிட்டையும் நம் பையில் போட்டுக்கொள்வது. அதைச் சிக்கனம் என்றோ வியாபாரம் என்றோ சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

வீடு வாடகைக்கு விட்டிருக்கும் நம் பங்கு மக்கள் டிசம்பர் வாடகை வாங்கப் போகும்போது வெள்ளை அட்டையையும் கையோடு கொண்டுபோய், குடியிருப்பவருக்குக் காட்டி, அதில் எழுதியிருக்கும் தொகையை மட்டும் வாங்கிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.