வளர்ச்சித் திட்டங்களும் ஆய்வறிவும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், ஏழை நாடுகளின் வளர்ச்சிச் சிக்கல்களை ஆய்வு எவ்வாறு அணுகுகிறது என்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பொருள் பெரிது, காலம் சிறிது. ஆகவே கல்வி பற்றிய இரண்டு செய்திகளைக் கொண்டே அதனை விளக்க முற்படுகிறேன்.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் புசியா என்றொரு மாவட்டம் இருந்தது. அங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் பாடநூல் இல்லாத பிள்ளைகளே மிகுதியாக இருந்தனர். 1996-ஆம் ஆண்டில் ஒரு தொண்டு நிறுவனம் நூல் வழங்க முன்வந்தது. மைக்கேல் கிரெமர் முதலிய பொருளியல் அறிஞர்கள், நூறு பள்ளிகளுள் இருபத்தைந்தை, எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லாத முறையில் தெரிந்தெடுத்து, அவற்றிற்கு முதலில் நூல் வழங்கச் செய்தனர். பின்னர் அப்பள்ளிகளின் தேர்ச்சியை ஏனைய பள்ளிகளின் தேர்ச்சியோடு ஒப்பிட்டனர்.

விளைவு என்ன? சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்னரே நன்கு படித்துவந்த பிள்ளைகள் மட்டுமே பயன் பெற்றனர். காரணம் எளிது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி ஒன்று. சுவாகிலி இரண்டாவது மொழி. ஆங்கிலமோ மூன்றாவது மொழி. பின்தங்கிய பிள்ளையின் கையில் நூல் இருந்தது, படிக்கத்தான் முடியவில்லை.

நண்பர்களே, "இத்தனை ஆயிரம் நூல்கள் வழங்கப்பட்டன" என்று மட்டும் அறிக்கை எழுதியிருந்தால், அத்திட்டம் வெற்றி என்றே ஏட்டில் ஏறியிருக்கும். கடைசி வரிசைப் பிள்ளை என்ன பெற்றது என்று கேட்டதனாலேயே உண்மை வெளிப்பட்டது.

மற்றொரு செய்தி நம் நாட்டைச் சார்ந்தது. 2001 முதல் 2003 வரை வதோதரா, மும்பை ஆகிய நகரங்களின் மாநகராட்சிப் பள்ளிகளில், பிரதம் என்னும் அமைப்பு ஒரு முயற்சியை மேற்கொண்டது. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஆராய்ந்தபோது, அப்பிள்ளைகளின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்திருக்கக் கண்டனர். இத்தகைய ஆய்வு முறைக்காக இவ்விருவருக்கும் கிரெமருக்கும் 2019-ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 2015-ஆம் ஆண்டில் அதே பரிசைப் பெற்ற ஆங்கஸ் டீட்டன், ஓரிடத்தில் கண்ட விளைவு மற்றோரிடத்திலும் நிகழும் என்று கொள்ளலாகாது என எச்சரித்தவர். மேலும், நிலம் யாரிடம் குவிந்துள்ளது, பொதுக் கிணற்றில் யார் தடுக்கப்படுகின்றனர் என்பனவற்றைப் பள்ளிகளைப் பிரித்தது போலப் பிரித்துச் சோதிக்க இயலாது. எந்த உதவி பயன் தரும் என்பதை ஆய்வு காட்டலாம். மனித உரிமையோ ஆய்வின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய பொருளன்று.

இவற்றால் நாம் கொள்ள வேண்டியது என்ன? கல்வி உதவித்தொகைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்பது அரசு ஏட்டில் உண்டு. எந்த மாதத்தில் அது மாணவர் கைக்கு வந்தது? வரத் தாமதமானதால் எத்தனை பேர் படிப்பை விட்டனர்? நம் தெருப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பில் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்கின்றனர்? வீடு வீடாகச் சென்று கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க நம் இளைஞர்களால் முடியும். கணக்கோடு வைக்கும் கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அண்ணல் அம்பேத்கர் பொருளியல் கற்றவர். ரூபாயின் சிக்கல் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1923-இல் வெளிவந்தது. 1925-இல் இந்திய நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் சான்றளித்தபோது, ஆய்வறிவோடு நின்றார். இதுகாறும் நம்மைப் பற்றிப் பிறர் ஆய்ந்து எழுதினர். இனி வினாவை எழுப்புவோராகவும், அளப்போராகவும், முடிவு கூறுவோராகவும் நம் பிள்ளைகள் வளர வேண்டும். அவ்வாறு வளர்க்கும் பணியில் கழகம் மேலும் சிறக்க வாழ்த்தி அமைகிறேன்.