கிணற்றடியில் இரண்டு கொச்சி மிளகாய்க் கன்று



தோட்டக்காணியில் கண்ணிவெடி அகற்றி முடியும்வரை அதற்குள் இறங்க வேண்டாம். அதுவரை, துப்புரவாக்கிக் கையளித்த வீட்டு வளவில், கிணற்றடிப் பக்கமாக இரண்டு கொச்சி மிளகாய்க் கன்று வைக்கலாம். பராமரித்தால் 2, 3 வருடம் நின்று காய்க்கும்.

நோயில்லாத கன்றில் நன்றாகப் பழுத்த பழத்திலிருந்து விதை எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். துளையிட்ட சிரட்டையில் மண்ணும் உக்கிய மாட்டெருவும் நிரப்பி, கால் அங்குல ஆழத்தில் போடுங்கள். சாதாரண மிளகாய் பத்து நாளுக்குள் முளைத்துவிடும். கொச்சிக்கு 2, 3 கிழமை வேண்டும். விதை பழுதென்று நினைத்துப் பலர் சிரட்டையைக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதீர்கள், ஈரம் காயாமல் பாருங்கள். ஐந்தாறு இலை வந்ததும் பின்னேரத்தில் நட்டு, சில நாள் கிடுகால் நிழல் கொடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

காயைக் காம்போடு ஆயுங்கள், கெதியில் பழுதாகாது. விதை எடுத்த கையால் கண்ணைத் தொட்டு நான் அரைநாள் அழுதிருக்கிறேன். இந்த உறைப்பு வெறும் தண்ணீருக்குப் போகாது. கையில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளையைத் தூக்குவது அதற்குப் பிறகுதான்.