கடலோர வேலி



ஓரங்குல எல்லைக்காக, ஒரு கதியாலுக்காக நீதிமன்றம் ஏறுவதற்கு நாம் பின்னிற்பதில்லை. ஆயினும் குடாநாட்டின் கடலோர வேலி களவு போவதைக் கண்டும் வாளாவிருக்கின்றோம்.

நம் கரை எங்கும் ஒரு தன்மையதன்று. பருத்தித்துறை முதல் காங்கேசன்துறை வரையுள்ள வடகரை சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் கொண்டது; அங்கே அலை கல்லில் மோதி வலுவிழக்கின்றது. வடமராட்சி கிழக்கோ மணற்கரை. சரிந்து வந்து மோதும் அலை மணலைக் கரையோரமாகவே இழுத்துச் செல்கின்றது. கடல் ஒதுக்கிய மணல் உலர்ந்ததும் காற்று அதனை அள்ளிக் குன்றாகக் குவிக்கின்றது. மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோவிலின் சுவர்கள் மணலிற் புதைந்து நிற்பதைக் கண்டோர் அக்காற்றின் ஆற்றலை அறிவர். அதனை அடக்கவே அங்குச் சவுக்கு நடப்பட்டது. சவுக்குக்கு முன்னரே மணலைக் கட்டிப் பிடித்தவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கென்று மேடைதோறும் முழங்குகின்றோம். கொடியையோ உழவு இயந்திரச் சில்லுக்கு இரையாக்குகின்றோம்!

மணற்குன்று அரண் மட்டுமன்று, களஞ்சியமுமாகும். புயல் கரையை அரிக்கும்போது குன்று தன் மணலை ஈந்து கரையைத் தாங்குகின்றது. பேராறு எதுவுமில்லாத நம் குடாநாட்டில், அள்ளிச் சென்ற மணலை ஈடுசெய்ய எந்த ஆறு வரப்போகின்றது? 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது, தென்கிழக்கே யால வனத்தை அடுத்து, கடற்காட்சிக்காகக் குன்றை அகற்றியிருந்த உல்லாச விடுதியொன்று அழிந்துபோயிற்று. அயலில் குன்று குலையாதிருந்த இடங்கள் தப்பின.

கமக்காரர் இதனை மீனவர் பாடென்று ஒதுக்குதல் ஆகாது. குன்று உறிஞ்சிய மழைநீர் உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்குமென்பது நிலத்தடி நீரியற் கணக்கு. மேலே ஓரடி தாழ்ந்தால் கீழிருந்து உவர் எத்துணை ஏறுமென்பதைக் கிணறு வெட்டியோரே கணித்துக்கொள்க.

கடலோரமெங்கும் கற்சுவர் எழுப்புக என்பாரும் உளர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்டிய பின், தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. துறைமுகத்துக்குச் சுவர் வேண்டியதே. ஆனால் மணல் போகும் வழியை ஆராயாது கட்டும் சுவர் அயலூருக்குப் பகையாகிவிடும்.

வீடு கட்ட மணல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. போரில் இடிந்த வீடுகளை எழுப்பியோர் நாமே. எங்கிருந்து, எத்துணை, யார் அள்ளுவது என்பதே வினா. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை அனுமதியின்றி அபிவிருத்தி வேலை கூடாதென்கின்றது. அவ்வாறாயின், மணல் அனுமதி ஒவ்வொன்றும் அவ்வக் கிராமத்தில் தமிழில் ஒட்டப்படல் வேண்டும். பெற்றவர் பெயரும் அள்ளும் அளவும் அதில் இருத்தல் வேண்டும். ஏற்றிச் செல்லும் வண்டிகளை எண்ணும் உரிமை ஊராருக்கு வேண்டும். இம்மூன்றையும் எழுத்தில் கேட்போம். வரும் மாரிக்கு முன் மறுமொழியும் எழுத்திலேயே வரட்டும்.