தறி நின்ற கூலி

இன்று பட்டம் பெறும் ஆடை வடிவமைப்பு, ஜவுளித் துறை மாணவச் செல்வங்களே, அறிமுகவுரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். ஜவுளிக்காரர்களுக்குத் தள்ளுபடி புதிதல்லவே.

உங்கள் கல்லூரி மலரில் குஜராத் கல்விச் சுற்றுலாப் படங்களைப் பார்த்தேன். நாங்களும் அந்த வழியே போனவர்கள்தான், நவஜீவன் எக்ஸ்பிரஸில், புளியோதரை மூட்டையோடு. அகமதாபாத்தில் 1949இல் தொடங்கப்பட்ட காலிகோ அருங்காட்சியகத்துக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. அதனால் கை வலிக்க வரைந்தோம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பிற்பாடு எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள் எங்கே என்றே தெரியவில்லை. பாட்டனில் படோலா சேலை நெசவு பார்த்தோம். பாவு, ஊடை இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயமேற்றிவிடுகிறார்கள். சில அங்குலம் நெய்ததும் ஊசியால் இழைகளை நகர்த்திக் கோலத்தைச் சேர்க்கிறார்கள். இருவர் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு சாண் நகர்ந்தால் அதிகம். உங்கள் தலைமுறைக்கு அஜ்ரக்பூரும் வாய்த்திருக்கிறது. 2001 பூகம்பத்துக்குப் பின் தமட்கா கிராமத்துத் தண்ணீரில் இரும்பு மிகுந்து சாயம் கெட்டதால், அஜ்ரக் அச்சுத் துணி செய்யும் கத்ரி குடும்பங்கள் பல புஜ் அருகே நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர் அது.

இதெல்லாம் உங்கள் அறிக்கைகளில் இருக்கும். அவற்றில் இருக்காத ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் இரண்டாமாண்டு படிக்கும்போது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரே தறியைச் சுற்றி வகுப்பு முழுவதும் நின்றோம். கோர்வைச் சேலை அது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், மூன்று நாடா. ஒரு பக்கக் கரைக்கு நாடா கொடுக்கவே தனி ஆள் வேண்டும். நெசவாளர் எங்களுக்காகத் தறியை நிறுத்தி, கரை எப்படிக் கோத்துக்கொள்கிறது என்று பிரித்தே காட்டினார். நாங்களும் விடாமல் கேட்டோம். பகல் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கைகூப்பிக் கிளம்பும்போது எங்கள் மேடம் மட்டும் உட்கார்ந்தபடியே, "அண்ணே, பக்கத்தில் நாடா போடுகிற தம்பிக்குக் கூலி யார் தருவது?" என்று கேட்டார்.

"நான்தான்மா. சேலை முடிஞ்சா எனக்குக் கூலி. அதிலிருந்து அவனுக்கு."

"இன்றைக்கு?"

அவர் சிரித்தார். "அவன் வந்துட்டானே. கொடுத்துத்தானே ஆகணும்."

மேடம் எங்களிடம் ஆளுக்கு ஐந்து ரூபாய் வாங்கி, இரண்டு பேரின் அரைநாள் கூலியையும் வைத்துவிட்டார். திரும்பும் வழியில் சினிமா பார்க்க வைத்திருந்த காசு அது. செங்கல்பட்டு வரை முணுமுணுத்தோம்.

பின்னாளில் நானே மாணவர்களை அழைத்துப்போனபோது, செலவுத் திட்டத்தில் "தறி நின்ற கூலி" என்று ஒரு வரி எழுதினேன். அப்படியொரு தலைப்பே கணக்கில் கிடையாது என்று திரும்பி வந்தது. பேருந்துக்குத் தலைப்பு உண்டு, சிற்றுண்டிக்கு உண்டு, ஊர்ப் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டுக்குக்கூட உண்டு. கடைசியில் "வல்லுநர் மதிப்பூதியம்" என்று மாற்றி எழுதினேன். உடனே வல்லுநரின் கல்வித் தகுதியைக் கேட்டார்கள். "ஐம்பது ஆண்டு நெசவு" என்று நிரப்பி அனுப்பினேன். எந்த மறுப்பும் வரவில்லை, பணம் வந்தது.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அதே கணக்கெடுப்பின்போது நெசவுக் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருமானத்தில் வாழ்ந்தன. அந்த வீட்டில் ஒரு பகல் தறி நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உங்களைப் போல மாதம் நான்கு கல்லூரி வந்தால்? பிரபலமான நெசவாளர் வீட்டுக்கு வரத்தான் செய்கிறது. "பாரம்பரியத்தைக் கற்றோம்" என்று எழுதுகிறோம். கற்பித்தவருக்குச் சம்பளம் கொடுத்தோமா?

உங்களில் சிலர் ஆசிரியராவீர்கள். சிலர் ஏற்றுமதி நிறுவனங்களில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வருபவர்களைத் தறி பார்க்க அழைத்து வருவீர்கள். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். கிளம்பும்போது ஒரு துண்டு வாங்கிவிட்டுக் கணக்கு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அது வியாபாரம், வேறு கணக்கு.

இன்னொன்று. கல்லூரிகள் எல்லாம் பொங்கல் கழிந்து வெயில் இதமானதும் கிளம்புகின்றன. தறி ஓய்வில்லாமல் ஓடும் நேரம் அது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு விரிக்க முடியாது. நெசவாளர் வேலையின்றி வீட்டில் இருப்பார். பேச நேரமும் இருக்கும், கூலியும் உதவும். குடையோடு போங்கள்.