காலில் புடைத்த நரம்பை மறைக்க வேண்டாம்

(காவேரிப்பாக்கத்தில் நமது டிரஸ்ட் நடத்திய மருத்துவ ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





என் தாயாருக்குக் கணுக்காலுக்கு மேலே ஒரு புண் இருந்தது. பல வருடங்கள் ஆறவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டு, சேலையை இழுத்து மறைத்துக்கொள்வார்கள். கடைசியில் பார்த்த டாக்டர், "இது நரம்பு சுருட்டலால் வந்த புண். நரம்பு புடைத்தபோதே வந்திருந்தால் இந்தப் புண்ணே வந்திருக்காதே" என்றார். வீட்டில் படித்தவன் நான்தான். தலைகுனிந்து நின்றேன். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

நரம்பு என்று நாம் சொன்னாலும் அது ரத்தக் குழாய். காலிலிருந்து ரத்தத்தை இதயத்திற்கு ஏற்றும் குழாய். ஏறிய ரத்தம் கீழே இறங்காமலிருக்க உள்ளே சிறு கதவுகள் உண்டு. நம் ஏரி மதகு பழுதானால் தண்ணீர் நிற்காது அல்லவா? அதுபோலக் கதவு கெட்டால் ரத்தம் கீழே இறங்கித் தேங்கும். குழாய் புடைத்துச் சுருளும். பரம்பரை, பிரசவம், உடல் பருமன், நாள் முழுக்க நிற்பது ஆகியவை காரணங்கள். ராணிப்பேட்டை டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் நின்றே உழைக்கும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நின்று வேலை செய்பவர் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழக அரசு 2021இல் சட்டம் திருத்தியது. முதலாளிமார்களே, ஒரு ஸ்டூல் போடுங்கள்.

மாலையில் கால் கனத்தல், வீக்கம், அரிப்பு, கணுக்கால் பக்கம் தோல் கறுத்தல் - இவை அடையாளங்கள். தோல் கறுத்த பிறகு தாமதிக்கக் கூடாது, அடுத்தது புண்தான்.

"ஆபரேஷன் செய்து காலைக் கிழிப்பார்கள்" என்ற பயம் இனி வேண்டாம். முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்து எந்தக் குழாய் பழுது என்று பார்ப்பார்கள். பிறகு மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு துளை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் பழுதான குழாயை மூடிவிடுவார்கள். ரத்தம் நல்ல குழாய்கள் வழியே போய்விடும். பெரும்பாலும் அன்றே நடந்து வீடு திரும்பலாம். சிலருக்கு மருந்தை நுரையாக்கி ஊசியில் செலுத்துவார்கள். இது ஒரு தடவைக்கு மேல் தேவைப்படலாம். சில நாள் கன்றிப்போதல், மரமரப்பு இருக்கலாம். சிலருக்குத் திரும்பவும் வருவதுண்டு. எது பொருந்தும் என்பதை ரத்தநாள நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

சிலந்தி வலை போலத் தோலில் தெரியும் மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. அழகுக்காக அதற்குக் கடன் வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குப் புடைப்பு பிரசவத்திற்குப் பின் தானே குறைவதுண்டு, பொறுத்துப் பார்க்கலாம்.

டாக்டர் இறுக்கமான காலுறை சொன்னால், காலையில் படுக்கையை விட்டு எழுமுன் போடுவது நல்லது. உளூ விஷயத்தில் சந்தேகமிருந்தால் இமாமிடம் கேளுங்கள். சிகிச்சைக்காகக் காலைக் காட்டுவதில் கூச்சம் வேண்டாம். அவசியத்திற்கு மார்க்கம் இடம் தருகிறது.

ஒரு எச்சரிக்கை: ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். புடைத்த இடம் உடைந்து ரத்தம் வந்தால், படுத்துக் காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர் அங்கே கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர், தமது சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் எழுதவும், துணைக்கு வரவும் நம் டிரஸ்ட் இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயாரின் காலைப் பாருங்கள். நான் பார்க்கத் தவறியதை நீங்கள் தவறவிட வேண்டாம். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியம் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.