பந்தயம் ரத்தானா காசு வருமா? தாம்பரம் இளைஞர் சந்திப்பில் பேசியது

 

2025 மே 8. தர்மசாலாவுல பஞ்சாப்–டெல்லி ஐபிஎல் மேட்ச். 10.1 ஓவர்ல பஞ்சாப் ஒரு விக்கெட்டுக்கு 122. விளக்கு அணைஞ்சது, மேட்ச் நின்னது. குரோம்பேட்டை ரூம்ல என் நண்பனுக்கு ஒரே கவலை: "மச்சான், போட்ட காசு வருமா?"

பொதுவா பந்தய தளங்கள்ல விதி இதுதான்: முடிவு தெரியாத பந்தயம் ரத்து, கட்டின பணம் வாபஸ். ஆனா முதல் ஆறு ஓவர் ரன் மாதிரி முடிவு தெரிஞ்சுபோனது ரத்தாகாது, தோத்தவன் தோத்தவன்தான். அதே மேட்ச் மே 24 ஜெய்ப்பூர்ல முதல்லேர்ந்து நடந்துச்சு. பழைய பந்தயம் அதுக்குச் செல்லுமான்னு தளத்தோட விதிதான் சொல்லும். அதை யாரு படிக்கிறா?

நம்ம ஆளு இந்த மேட்சோட ரெண்டு ஃபுட்பால் மேட்சையும் சேர்த்து 100 ரூபாய் கட்டியிருந்தான். 2 × 1.5 × 1.8, ஜெயிச்சா 540. ஒண்ணு ரத்தானா அதோட மடங்கு 1 ஆயிடும். 1.8 போச்சு, 540 வந்து 300 ஆச்சு. அப்புறம் ஃபுட்பால்ல ஒண்ணு தோத்தது. மொத்தமும் காலி, வாபஸ்ங்கிற பேச்சே இல்ல. மெக்கானிக்கல் படிச்சவன், பெருக்கல் தெரியாதவன் இல்ல!

கேஸ் போடலாமான்னா, 1872 ஒப்பந்தச் சட்டம் 30-ஆவது பிரிவு பந்தய ஒப்பந்தமே செல்லாதுங்குது. ஜெயிச்ச காசுக்கு கோர்ட்டுக்குப் போக முடியாது. கிண்டி ரேஸ்ல குதிரை ஓடாம விலகினா டிக்கெட் காசை கவுன்டர்லயே திருப்பி வாங்கலாம். ஆப்ல கவுன்டர் எங்க இருக்கு?

2025 ஆகஸ்ட் 22-ல குடியரசுத் தலைவர் ஒப்புதலோட ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டம் வந்துச்சு. ட்ரீம்11 மாதிரி பெரிய கம்பெனிகள் காசு ஆட்டத்தை நிறுத்தி, கணக்குல கட்டின பணத்தை எடுத்துக்கச் சொன்னாங்க. மிச்சம் இருக்கிறது முகவரி தெரியாத வெளிநாட்டு தளமும் டெலிகிராம் குரூப்பும்தான். அங்க "பணம் ரிலீஸ் ஆக முதல்ல வரி கட்டு"ன்னு கேட்டா கட்டாதீங்க. அது வரி இல்ல, ரெண்டாவது திருட்டு.

அப்படி ஏற்கெனவே கட்டியிருந்தா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை பேங்க்ல முடக்க வழியிருக்கு. கூட்டம் முடிஞ்சதும் நான் வாசல் பக்கம் லேப்டாப்போட இருப்பேன். ஸ்கிரீன்ஷாட், யுபிஐ நம்பர் எடுத்துட்டு வாங்க, சேர்ந்து புகார் பதிவு பண்ணலாம். வீட்ல சொல்ல மாட்டேன்.