வானத்துக்குக் கிழமை தெரியுமா?

நாள் என்பது பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் காலம். மாதம் நிலவின் சுற்றை ஒட்டியது. ஆண்டு, பூமி சூரியனை வலம்வரும் காலம். ஏழு நாள் கொண்ட வாரம் மட்டும் மனிதன் வகுத்துக்கொண்ட கணக்கு. ஆகவே, வானிலையில் ஏழு நாளுக்கு ஒருமுறை ஏற்ற இறக்கம் உறுதியாகத் தெரிந்தால், அது மனிதனின் கைவேலை என்றே கொள்ள வேண்டும்.

காற்றில் அந்தத் தடயம் தெளிவாக இருக்கிறது. வாகனங்களும் ஆலைகளும் வெளியிடும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவைத் துணைக்கோள் வழி அளந்த ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களில் ஞாயிற்றுக்கிழமை அது 25 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது. ஜெருசலத்திலும் மக்காவிலும் அங்குள்ள ஓய்வு நாளுக்கேற்ப இந்தப் போக்கு மாறியது.

காற்று மாறினால் மழையும் மாறுமா? மேகத்தில் நீராவி நுண்துகள்களைப் பற்றிக்கொண்டே துளியாகிறது. மாசு மிகுந்தால் துளிகள் பெருகும், ஆனால் சிறுத்துவிடும். சீக்கிரம் மழையாக விழாமல் உயரே சென்று உறையும். அப்போது வெளிப்படும் வெப்பம் புயல்மேகத்துக்கு வலுவூட்டும். அமெரிக்காவின் தென்கிழக்கில் கோடைமழை வாரத்தின் நடுவில் கூடுவதாக, நாசாவின் தாமஸ் பெல் குழுவினர் துணைக்கோள் பதிவுகளைக் கொண்டு 2008இல் தெரிவித்தனர்.

இதை எல்லாரும் ஏற்கவில்லை. அமெரிக்காவின் 219 நிலையங்களில் 1951 முதல் 1992 வரை பதிவான மழையளவை ஆராய்ந்த டேவிட் ஷுல்ட்ஸ் குழுவினர், வாரச் சுழற்சி எதுவும் இல்லை என்று 2007இல் கூறினர். எண்களைத் துருவிக்கொண்டே போனால் தற்செயலும் ஒழுங்குபோல் தோன்றும் என்பதால், இந்த எச்சரிக்கை தேவையானதே.

மழையைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. காற்றைப் பற்றிய தீர்ப்போ தெளிவாகிவிட்டது. ஒரே ஒரு ஓய்வு நாளில் காற்றின் மாசு இவ்வளவு குறைகிறது என்றால், அது தலைவிதி அல்ல. வேலை நாளில் மனிதன் செய்வதன் விளைவு. செய்வதை மாற்றினால், மற்ற ஆறு நாளும் காற்று தெளியும்.